வால்டாக்ஸ் ரோட்டுச் சேதி

அன்புள்ள ஒட்டடை,

பொங்கலுக்குப் பதில் போடாதவன் ஆடியில் எழுதுகிறானே என்று திட்டுவாய். திட்டிவிட்டே படி. வீட்டில் எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை. தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பார்க்கைச் செக்குமாடு மாதிரிச் சுற்றப் பிடிக்காமல், ஞாயிறானால் முதல் ரயிலைப் பிடித்துப் பாரிமுனைப் பக்கம் போய்விடுகிறேன். போன இடத்தில் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இது வீட்டம்மா வாக்கு.

மூன்று வருஷம் வால்டாக்ஸ் ரோட்டில் குடியிருந்தோமே, அது என்ன டாக்ஸ் என்று ஒருநாளாவது கேட்டோமா? வால் முளைத்தவன் கட்டும் வரி என்று குள்ளன் சொன்னதோடு சரி. வால் என்றால் மதில்டா.

கதை கேள். செயிண்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டித்தான் முதலில் நம் ஜனங்களின் ஊர், கறுப்பர் பட்டணம். 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரன் அதில் ஒரு பகுதியை இடித்தான். திரும்பி வந்த இங்கிலீஷ் கம்பெனிக்காரன் மிச்சத்தையும் இடித்தான். வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து எதிரி சுட்டுவிடுவானாம்! இன்றைக்கு ஹைகோர்ட் நிற்பது அந்த இடத்தில்தான். அங்கே இருந்த பெருமாள் கோயிலும் தப்பவில்லை. நீ புளியோதரைக்காகவே பக்திமானாகிப் போவாயே, பூக்கடைப் பட்டணம் கோயில், அது அதற்குப் பதிலாகப் பிறகு கட்டியது. பெருமாளும் நம்மைப் போல ஜாகை மாறியவர்தான்.

வீடு இடித்த வெட்டவெளிக்கு எல்லைக்கல் ஆறு நட்டார்கள். ஒன்றே ஒன்று பாக்கி. பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்து ஓரம், 1773 ஜனவரி 1 என்று தேதி வெட்டிய தூண். அந்தப் பக்கம் எத்தனை மாலை பஸ்ஸுக்கு நின்றிருப்போம்! நம் கண்ணெல்லாம் வேறெங்கோ இருந்தது. எங்கே என்று எழுதமாட்டேன், உன் மருமகள் படித்தாலும் படிப்பாள்.

மதிலுக்கு வருகிறேன். ஹைதர் அலியின் குதிரைப்படை பட்டணத்து வாசல் வரை வந்துபோன கிலியில், ஜனங்கள் இடம் மாறிக் குடியேறிய புது ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். செலவை ஜனங்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் தெருவுக்கு நின்றுவிட்டது. வாடகைக்கு நாள் சொல்லியே காலம் ஓட்டிய நமக்கு எவ்வளவு பொருத்தமான விலாசம்!

அந்த மதிலில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. பழைய ஜெயில் ரோட்டில், மேலே மரமும் பெஞ்சுமாக மாடிப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குள்ளன் கால் ஒடிந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரம் தூக்குச்சட்டியோடு அந்த ரோட்டில் நடந்தோமே. ஒருவனாவது தலையைத் தூக்கிப் பார்த்தோமா? கோட்டை இடித்த கதையைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் வேறு நீ.

இவ்வளவு சுற்றி வளைத்தது எதற்கென்றால், நேராகச் சொல்ல வாய் வரவில்லை. போன ஞாயிறு மாடிப் பூங்காவிலிருந்து இறங்கி நம் மேன்ஷன் பக்கம் போனேன். இல்லைடா. தகரத் தடுப்பு, உள்ளே மண்மேடு. பக்கத்துக் கட்டடச் சுவரில் நம் மாடிப்படி ஏறிப்போன தடம் மட்டும் தெரிகிறது. இரண்டாம் மாடி உயரத்தில் நம் அறையின் பச்சைப் பெயிண்ட், ஒரு ஜமுக்காளம் அகலத்துக்கு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி மாட்டும் ஆணியும் இருந்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம், கண்ணாடி போடாமல் போயிருந்தேன். யார் சார் வேணும் என்றார் வாட்ச்மேன். சும்மா என்றேன்.

மேன்ஷன் சொந்தக்காரர் சேட்டு போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாம். பிள்ளைகள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோமே, அந்த இரண்டு மாதப் பாக்கி என் பழைய டைரியில் இருக்கிறது. 360 ரூபாய். தலைக்கு 120.

தை பிறந்ததும் வா. விடிய ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், செருப்பு சரிப்படாது, ஷூ கொண்டு வா. உன் 120-ஐயும் கொண்டு வா. குள்ளன் பங்கை நான் போட்டுவிடுகிறேன்.

உன்,
வாலு