குழந்தைகள் வார்டில் கலைஞருக்கு ஒரு பணியிடம் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், கலை பண்பாட்டுத் துறை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் குழந்தைகள் பிரிவில், செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் கலைஞர்களைச் சம்பளத்துக்கு நியமியுங்கள். பிசியோதெரபிஸ்ட் மாதிரி, டயட்டீஷியன் மாதிரி, அவர்களும் வார்டுக்கு உரியவர்களாக இருக்கட்டும்.

சின்னக் குழந்தைக்கு வென்ஃப்ளான் (மருந்தும் குளுக்கோஸும் ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போடுவது எப்படி நடக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மா தோளைப் பிடித்துக்கொள்வார், அட்டெண்டர் காலைப் பிடிப்பார், ஒரு சிஸ்டர் கையை அழுத்திப் பிடிப்பார். காய்ச்சலில் வற்றிய உடம்பில் நரம்பு சிக்காது. இன்னொரு குத்து, அப்புறம் இன்னொன்று. மறுநாள் எங்கள் உடுப்பு கண்ணில் பட்டாலே குழந்தை வீறிட்டு அழும்.

எங்கள் வார்டுக்குச் சில மாதங்கள் ஒரு பொம்மலாட்டக் கலைஞர் வந்துபோனார். சம்பளம் கிடையாது, பஸ் காசும் அவருடையது. கையில் மாட்டி ஆட்டும் ரப்பர் பொம்மை ஒன்று வைத்திருந்தார். முதலில் துணிப் பொம்மைதான் கொண்டுவந்தார். ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது என்று சொன்னதும் மாற்றிக்கொண்டார். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று, “பக்கத்துல வரலாமா?” என்று பொம்மை கேட்கும். குழந்தை வேண்டாம் என்றால் பொம்மை தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். வார்டில் குழந்தை “வேணாம்” என்றால் கேட்டுக்கொள்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்? டாக்டரால் முடியாது, எங்களால் முடியாது, பெற்ற தாயாலும் முடியாது. ரத்தப் புற்றுநோய்க்காக நெடுநாள் தங்கியிருந்த ஒரு சிறுமி அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டாள். பிறகு ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். அதற்குப் பின் ஊசி நேரத்தில் பொம்மை தலைமாட்டில் இருக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். மெழுகுவத்தியை எப்படி ஊதி அணைப்பது என்று பொம்மைக்குச் சொல்லித் தருவாள். சொல்லித் தரும்போது அவளும் நீளமாக மூச்சை விடுவாள். அந்த மூச்சில் கை தளரும். எங்கள் வேலை முடிந்துவிடும்.

பிறகு நிர்வாகம் மாறியது. எந்த ஆர்டரில் இவர் உள்ளே வருகிறார் என்று கேட்டார்கள். ஆர்டர் எதுவும் இல்லை. அதோடு நின்றுபோனது. கேள்வி நியாயமானதுதான். அந்த ஆர்டரைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. நியூயார்க்கில் 1986-லேயே ஒரு சர்க்கஸ் நிறுவனம் பயிற்சி பெற்ற கோமாளிகளைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்கியது. 2015-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் மாகாணம் குழந்தைகள் சிகிச்சை உள்ள அரசு மருத்துவமனைகளில் கோமாளிகள் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. மருத்துவமனைக் கோமாளிகள் பற்றிய 24 ஆய்வுகளை, 1,612 குழந்தைகள் பங்கெடுத்தவை, தொகுத்துப் பார்த்த கட்டுரை 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் குறைவதை அது பதிவு செய்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, கலைகளும் உடல்நலமும் பற்றிய 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனம் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. பக்கவாதத்தில் பேச்சு போனவர் பாட்டின் வரியை மட்டும் முழுதாகப் பாடுவதை நரம்பியல் வார்டில் வேலை பார்த்த எந்தச் செவிலியரும் பார்த்திருப்பார். அதை வைத்தே பேச்சை மீட்கும் பயிற்சி முறை 1970-களில் உருவானது. பெரியவர்கள் வார்டுகளுக்கும் இதில் நிறைய இருக்கிறது. ஆனாலும் முதலில் குழந்தைகளிடம் தொடங்குங்கள் என்பேன்.

“சுவரில் கார்ட்டூன் வரைந்திருக்கிறோமே” என்று சிலர் சொல்வார்கள். அந்தப் படங்கள் நின்று பார்க்கிறவர் கண் உயரத்தில் இருக்கின்றன. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது மின்விசிறியும் காரை பெயர்ந்த கூரையும்தான். வரைவதற்கு முன் ஓவியர் அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்திருந்தால் கூரையில்தான் வரைந்திருப்பார். கலைஞர் வார்டில் இருப்பதற்கும், கலைப்பொருளை வாங்கி மாட்டுவதற்கும் உள்ள தூரம் அது.

நம் அரசுக்குக் கலைஞர்கள் புதியவர்கள் இல்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்குத் தெருக்கூத்தும் கரகாட்டமும் ஊர் ஊராகப் போயின. டெங்குக்கும் காசநோய்க்கும் கலைக்குழுக்களை அனுப்பியிருக்கிறோம். நோய் வராமல் தடுக்க உதவியவர்கள், நோய் வந்து படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்திலும் உட்காரட்டுமே.

ஆள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களின் பட்டியல் உங்களிடமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூத்துக்காரருக்கு அழைப்பு குறைவு. அதே மாதங்களில்தான் டெங்குக் காய்ச்சலால் குழந்தைகள் வார்டு நிரம்பி வழியும், ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருப்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாராவது ஒருவர் இருந்தால் போதும்.

ஆனால் பயிற்சி இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், இதில் நான் கறாராகவே இருப்பேன். கை கழுவும் முறை, எந்தக் குழந்தையிடம் முகக்கவசத்தோடு மட்டுமே போக வேண்டும், கேஸ் ஷீட்டில் இருப்பதை வெளியே பேசக் கூடாது என்பது, ஒரு குழந்தை இறந்த நாளில் அந்த வார்டில் எப்படி நடந்துகொள்வது, இதையெல்லாம் எங்களோடு இருந்து கற்றுக்கொண்ட பிறகே கட்டிலருகே போக வேண்டும். ஸ்பீக்கரும் மேடையும் வார்டுக்கு ஆகாது. இலவசச் சேவை என்ற பேரில் கலைஞரின் உழைப்பை வாங்குவதும் கூடாது. சம்பளம் இல்லாதவரால் தினமும் வர முடியாது, தினமும் வராதவரைக் குழந்தை நம்பாது.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் மதுரை, கோவை அரசு மருத்துவமனைகளிலும் ஓராண்டுக்கு முயன்று பார்க்க இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு அரசாணை வெளியிடுங்கள். காலையில் ஊசி போடும் நேரத்திலும் கட்டு மாற்றும் நேரத்திலும் கலைஞர் வார்டில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். தேர்வுக் குழுவில் ஒரு வார்டு சிஸ்டரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்