ஃபயெட்வில் என்ற பெயர் நடந்த வழி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான அமெரிக்கப் பயணக் கட்டுரையில், அந்நாட்டில் ஸ்பிரிங்ஃபீல்டு, லெபனான், ஃபயெட்வில் என ஒரே பெயரில் பல சிற்றூர்கள் இருப்பதற்குக் குடியேறியவர்களின் கற்பனை வறட்சியே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. அஞ்சல் துறையில் கடிதங்களைப் பிரித்தடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்து, அதனாலேயே ஊர்ப்பெயர்களின் வரலாற்றில் ஈடுபாடு கொண்ட என்னால் இக்கருத்தை ஏற்க இயலவில்லை.

ஃபயெட்வில்லையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விடுதலைப் போரில் 19 வயதிலேயே வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பிரபு லாஃபயெட்டின் நினைவாக, வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றை ஒட்டிய ஊருக்கு 1783இல் இப்பெயர் சூட்டப்பட்டது. அங்கிருந்து மேற்கே டென்னசிக்குப் பெயர்ந்தவர்கள், எல்க் ஆற்றங்கரையில் அமைத்த புதிய ஊருக்குத் தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். பின்னர் ஆர்கன்சாவின் ஓசார்க் மலைப்பகுதியில் வாஷிங்டன் கோர்ட்ஹவுஸ் என்று ஓர் ஊர் தோன்றியது. வாஷிங்டன் என்ற பெயரில் அதே ஆர்கன்சாவில் வேறோர் ஊர் ஏற்கெனவே இருந்ததால், 1829இல் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அப்பணியில் இருந்த ஆணையர்களில் இருவர் டென்னசி ஃபயெட்வில்லிலிருந்து வந்தவர்கள். ஆகவே அதுவும் ஃபயெட்வில் ஆனது. இம்மூன்று ஊர்களையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால், அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து, அரை நூற்றாண்டுக்குள் அம்மக்கள் மேற்கு நோக்கிச் சென்ற வழி தெரியும். அந்த நிலங்களில் அவர்களுக்கு முன்பே செரோக்கி, ஓசேஜ் மக்கள் வாழ்ந்தார்கள் என்பதையும், அவர்கள் வைத்திருந்த பெயர்கள் பல இடங்களில் அழிந்துபோயின என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் கதையும் இத்தகையதே. 1845இல் அந்த ஊரின் உரிமையாளர் இருவரில் ஒருவர் பாஸ்டன் என்றும், மற்றவர் தாம் முன்பு வாழ்ந்த மெய்ன் மாநில ஊரின் நினைவாகப் போர்ட்லாந்து என்றும் பெயரிட விரும்பி, நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

இதில் அஞ்சல் துறைக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு அஞ்சலகங்கள் இருந்தால் கடிதங்கள் வழிதவறும் என்பதால் அத்துறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் மாநிலத்தின் பெயரும் முகவரியில் இருக்கும்வரை, வேறு மாநிலத்தில் அதே பெயர் இருப்பதால் தொல்லை இல்லை. லூசியானாவில் வெர்மிலியன்வில் என்ற ஊர் 1884இல்தான் லாஃபயெட் என்ற பெயரைப் பெற்றது. நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மற்றோர் ஊர் அப்பெயரை முன்னரே எடுத்துக்கொண்டிருந்தது.

கட்டுரையில் திருத்தப்பட வேண்டிய செய்தி ஒன்றும் உள்ளது. ஓரிகனில் உள்ள மெட்ராஸ் என்ற சிற்றூருக்குச் சென்னையிலிருந்து சென்ற யாரோ பெயர் வைத்ததாக அதில் கூறப்பட்டுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூருக்கு முதலில் முன்மொழியப்பட்ட பெயர் வேறோர் ஊரின் பெயரைப் போல ஒலித்ததால் அஞ்சல் துறை அதை ஏற்க மறுத்தது. அதன்பின் கடையில் இருந்த துணிச்சுருளின் மீது எழுதியிருந்த 'மெட்ராஸ்' என்ற சொல்லைப் பார்த்து அப்பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே அவ்வூர் வரலாறாகச் சொல்லப்படுகிறது. நம் ஊர்ப் பருத்தித் துணிக்கு இருந்த பெயரே காஸ்கேடு மலைகளுக்குக் கிழக்கே, வறண்ட மேட்டு நிலத்தில் ஓர் ஊரின் பெயராக நிலைத்திருக்கிறது. தறியில் உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை இது. ஆகவே இத்திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்.