வால்வரினுக்குச் சாகாவரம் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாவே இல்லாத காமிக்ஸ் நாயகர்கள் பத்துப் பேரைப் பட்டியலிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எக்ஸ்-மென் என்ற அதிசய சக்திக்காரர்கள் கூட்டத்தின் வால்வரினை முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டு சூப்பர்மேன், வேதாளர், ஹாப் கேட்லிங் என்று எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வயசாகாமல் இருப்பது வேறு, செத்துத் திரும்புவது வேறு, சாகவே முடியாமல் இருப்பது வேறு. புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு. பீஷ்மர் தாம் நினைத்தபோதுதான் சாவார். இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது என்று அடுக்கி வரம் வாங்கிவிட்டு, அந்திநேரத்தில் வாசற்படியில் மாட்டிக்கொண்டான்.

வால்வரின் இரணியன் கட்சி. 1974-ல் ஹல்க் கதையில் அறிமுகமானவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தும் நடுத்தர வயதுக்காரர் போலவே உலவுகிறார் என்பதும், எந்தக் காயமும் தானே ஆறிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அவரைக் காப்பாற்றுவது அந்த ஆறும் சக்தி ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அவரும் நம்மைப் போல ஒரு மனிதர். 2014-ல் அதைத்தான் செய்தார்கள். முதலில் ஒரு கிருமி அந்தச் சக்தியை முடக்கியது. கடைசியில், எந்த அடமாண்டியம் அவர் எலும்புகளுக்குக் கவசமாக இருந்ததோ அதே உலோகம் உருகி மேலே கொட்டி, இறுகி, மூச்சடைத்துச் செத்தார். 2018-ல் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை. சாவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தபின் சாகாவரம் என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வருவதைத் தகுதியாக எடுத்துக்கொண்டால் பட்டியல் எங்கே போய் நிற்கும்? சூப்பர்மேன் 1992-ல் டூம்ஸ்டே என்ற அரக்கனுடன் மோதிச் செத்தார், அடுத்த வருஷமே எழுந்து வந்தார். கேப்டன் அமெரிக்கா 2007-ல் சுடப்பட்டார், இரண்டே வருஷத்தில் அவரை மீட்கும் கதை வந்துவிட்டது. இதில் அவர்களுடைய சக்தி என்ன இருக்கிறது? பதிப்பகத்துக்கு அவர்கள் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஜேசன் டாட் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. பேட்மேனின் இளம் கூட்டாளிக்கு ராபின் என்று பெயர்; அந்தப் பெயரில் வந்த இரண்டாவது பையன் இவன். 1988-ல் வில்லன் ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கி, வெடிகுண்டு வைத்த கிடங்கில் விட்டுவிட்டுப் போகிறான். குண்டு வெடிப்பதோடு அந்த இதழ் முடிகிறது. பையன் பிழைக்கலாமா கூடாதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம் என்று இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தார்கள். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்பு, சாகட்டும் என்று 5,343. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் பையன் காலி. 2005-ல் அவனையும் உயிரோடு கொண்டுவந்தார்கள், இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட உலகத்தில் செத்துத் திரும்புவது பெரிய சாதனையா? என்னைக் கேட்டால் 1962-லிருந்து ஒழுங்காகச் செத்தவராகவே இருக்கும் ஸ்பைடர்மேனின் பென் பெரியப்பாதான் அதிசயம். அவர் எழுந்து வந்தால், ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரின் குற்றவுணர்வுக்கு வேலையில்லை, கதையே படுத்துவிடும்.

2019-க்குப் பிறகு எக்ஸ்-மென் கூட்டத்துக்கு வந்த ஏற்பாட்டையும் கட்டுரை பாராட்டியிருந்தது. ஐந்து பேர் சேர்ந்து முட்டையில் புது உடம்பு வளர்க்கிறார்கள், செரிப்ரோ கருவியில் சேமித்து வைத்த மனசை அதில் ஏற்றுகிறார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்வது போலத் தெரிகிறது, ஆனால் இல்லை. கூடு பாய்பவன் தானே போகிறான். இங்கே முதல் ஆள் செத்தது செத்ததுதான், எழுந்து வருவது நகல்.

ஹாப் கேட்லிங்கை நீங்கள் சேர்த்ததில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அவரை இங்கே பலருக்குத் தெரியாது. 'சேண்ட்மேன்' தொடரில் வரும் சாதாரண ஆங்கிலேயப் படைவீரர். 1389-ல் ஒரு மதுக்கடையில், "சாவெல்லாம் முட்டாள்தனம், நான் சாகப் போவதில்லை" என்கிற தினுசில் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்த மரண தேவதையும் சரி, விட்டுவிடுவோம் என்று விட்டுவிடுகிறாள். அவளுடைய தம்பியான கனவுகளின் அரசன், நூறு வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அவரைச் சந்திக்க வருகிறான். 1589-ல் பட்டும் பணமுமாக இருந்த மனுஷன், 1689-ல் கிழிந்த துணியோடு பிச்சைக்காரனாக வந்து நிற்கிறார். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், மகன் சண்டையில் போய்விட்டான், ஊர்க்காரர்கள் இவரையே மந்திரவாதி என்று தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். இன்னமும் வாழ ஆசையா என்று கேட்டால், பின்னே, இல்லாமலா என்கிறார். சாகாமல் வாழ்வதன் கஷ்டத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காமிக்ஸ் நான் வேறு படித்ததில்லை. ஆனாலும் அவர் பீஷ்மர் வகைதான். போதும் என்று அவர் சொல்லும் நாளில் கதவு திறந்துவிடும்.

கதவே இல்லாத ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைக் கட்டுரை தொடவே இல்லை. பெயரே மிஸ்டர் இம்மார்ட்டல். 1989-ல் ஜான் பைர்ன் உருவாக்கியவர். கிரேட் லேக்ஸ் அவெஞ்சர்ஸ் என்ற சிரிப்புக் கோஷ்டியின் தலைவர். பறக்கத் தெரியாது, குத்தினால் ரத்தம் வரும், சுட்டால் விழுவார். நிஜமாகவே சாவார், வலியும் உண்டு. அப்புறம் எழுந்து கோபத்தில் கத்துவார். இவ்வளவுதான் அவருடைய சக்தி. 2005-ல் வந்த குறுந்தொடரில் மேல்ஸ்ட்ராம் என்ற வில்லன் பிரபஞ்சத்தையே அழிக்கக் கிளம்புகிறான். நம் ஆள் அவனை அடித்து வீழ்த்தவில்லை, எல்லாம் வீண், இருவரும் சேர்ந்தே போய்விடுவோம் என்று பேசிப் பேசி நம்ப வைக்கிறார், முதலில் தாமே செத்தும் காட்டுகிறார். வில்லன் பின்னாலேயே போய்விட, இவர் மட்டும் எழுந்து வருகிறார். பிரபஞ்சத்தில் கடைசியாக மிஞ்சப் போகும் உயிர் இவர்தான் என்று அதே தொடரில் சொல்லிவிடுகிறார்கள். சிரிக்க வைக்க எழுதிய கதைதான், ஆனால் காதலி போய், நண்பர்கள் போய், தானும் போக வழியில்லாத ஆளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? தானே ஆசைப்பட்டாலும் சாக முடியாதவன்தான் சாகாவரம் பெற்றவன் என்பது என் கட்சி. அந்தக் கணக்கில் உங்கள் பத்துப் பேரில் ஒருவரும் தேற மாட்டார்கள்.

கடைசியாக வேதாளர். முத்து காமிக்ஸில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் நாம் படித்தவர். 1936-ல் லீ ஃபால்க் படைத்த இவரைக் காட்டு மக்கள் சாவில்லாதவர் என்று நம்புவது உண்மைதான். ஆனால் வாசகருக்கு ரகசியம் தெரியுமே! 1536-லிருந்து அப்பனுக்குப் பின் மகன் என்று அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது இருப்பவர் இருபத்தோராவது ஆள், முன்னோர்கள் எல்லாம் மண்டையோட்டுக் குகையில் புதைந்து கிடக்கிறார்கள். 1977-ல் டயானாவைக் கல்யாணம் செய்து இரட்டைக் குழந்தைகளும் பெற்றுக்கொண்டவரைச் சாவில்லாதவர் பட்டியலில் போட்டால் அவருடைய வாரிசுக்கு என்ன வேலை? அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், வேதாளரை எடுத்துவிட்டு அந்த இடத்தை மிஸ்டர் இம்மார்ட்டலுக்குக் கொடுங்கள். வேதாளரைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதினால், படிக்க நான் தயார்.

இப்படிக்கு,
பழைய காமிக்ஸ் வாசகன்,
விருதுநகர்.