கொலைகாரனைக் கண்டுபிடிக்க ஒரு பாட்டி வேண்டும்

மாத நாவல்களில் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். ஒரு சிறிய கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சங்கர்லால், கணேஷ்-வசந்த், விவேக், பரத்-சுசீலா எல்லோரும் எனக்கு வீட்டு மனிதர்கள் மாதிரி. ஆனால் நான் படித்த வரையில், தலை நரைத்த ஒரு பெண் துப்பறிந்து பார்த்ததில்லை. உங்கள் கதையில் வயதானவள் வந்தால் நகைக்காகக் கொலையாகிறாள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு வம்பைப் பேசிவிட்டுப் போய்விடுகிறாள். படிக்கும்போது மனசு வலிக்கிறது.

இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்பிள் என்ற துப்பறியும் பாட்டி 1927லேயே ஒரு சிறுகதையில் வந்துவிட்டார். சந்தேகப்படும் ஆளைத் தன் கிராமத்தில் பார்த்த யாரோடாவது ஒப்பிட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான் அவர் வித்தை. 12 நாவல்கள் அதில் ஓடின.

அது கதை என்று ஒதுக்காதீர்கள். கலிபோர்னியாவில் பார்பரா ரே-வென்டர் என்று ஒருவர் இருக்கிறார். பேடன்ட் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றபின் வம்சாவளி தேடுவதைப் பொழுதுபோக்காகத் தொடங்கியவர். பழைய கொலைகளில் கிடைத்த டிஎன்ஏவை வைத்து, தூரத்து உறவுகளிலிருந்து குடும்ப மரம் வரைந்து ஆளைத் தேடிய சிறு குழுவில் அவரும் இருந்தார். 2018 ஏப்ரலில் 72 வயது முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் கைதானார். அப்போது பார்பராவுக்கும் எழுபதை ஒட்டிய வயது. 2020இல் அந்த ஆள் ஒப்புக்கொண்ட 13 கொலைகளில் ஒன்று 1975இல் நடந்தது. செத்தவர் வைசேலியா என்ற ஊரின் சிறிய கல்லூரியில் இதழியல் பேராசிரியர். மகளைக் கடத்த வந்தவனைத் தடுக்கப் போய் உயிரை விட்டார். கொன்றவன் அப்போது பக்கத்து ஊரில் போலீஸ் வேலையில்தான் இருந்தான்!

சரி, நம் ஊருக்கு வருகிறேன். சின்னக் கல்லூரியில் ஒரு சாவு விழுந்தால் இன்ஸ்பெக்டர் யாரை விசாரிப்பார்? முதல்வரை, துறைத் தலைவர்களை, விடுதிக் காப்பாளரை. நூலகத்து அம்மாவை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வேதியியல் ஆய்வகச் சாவி எந்த நாளிலிருந்து ஆணியில் தொங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் ஒரே பேனாவால் ஆறு மாதக் கையெழுத்தை ஒரே நாளில் போட்டது யார் என்று மையைப் பார்த்தே சொல்வாள். பத்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு பேர் திடீரெனத் தனித்தனியாக டிபன் பாக்ஸ் திறந்ததைக் கவனித்திருப்பாள். தவணை தாண்டாமல் புத்தகமே தராத பையன் ஒருநாள் எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனால், அவள் அன்று இரவு தூங்க மாட்டாள். வாட்ச்மேன் போலீசிடம் சொல்லாததை, டீ குடித்துக்கொண்டே அவளிடம் சொல்வார்.

அந்தப் பெண்ணை எழுதுங்கள். சிரிப்புப் பாத்திரமாக வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் போலீஸ் மருமகன் வந்து முடிச்சை அவிழ்ப்பதும் வேண்டாம், அவளே அவிழ்க்கட்டும். மூட்டு வலிக்கட்டும், மாடிப்படியில் நின்று நின்று ஏறட்டும், அந்த மெதுவில்தான் மற்றவர்கள் தாண்டிப்போனது அவள் கண்ணில் படும்.

உங்களில் யாராவது எழுதத் தொடங்கினால், கல்லூரியின் எந்தக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், டூப்ளிகேட் சாவி யாரிடம் இருக்கும் என்பது முதல் எல்லாம் உட்கார்ந்து சொல்ல நான் தயார்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி நூலகர்