தலைப்பில் 'திருநங்கை' எதற்கு? செய்தி டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் செய்தித் தளங்களிலும் தலைப்பு வைக்கிற, படம் பொறுக்குகிற, தம்ப்நெயில் செய்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நிருபர் பெயராவது சில செய்திகளில் வரும், உங்கள் பெயர் எங்கும் வராது. ஆனால் என் போன்றவர்களுக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பல சமயம் நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு அவசரத்தில் வைக்கிற நாலு வார்த்தைத் தலைப்பில் இருக்கிறது, அதனால்தான் இந்த மடலை ஆசிரியருக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன். நான் ஒரு திருநங்கை. விழுப்புரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி படித்து முடித்த பேப்பர் என் மேஜைக்கு வரும், மாவட்டச் செய்திப் பக்கத்தைப் பார்க்காமல் நான் பில் புத்தகத்தைத் தொடுவதில்லை.

அந்தப் பக்கத்தில் எங்களைப் பற்றி வருவதில் பெரும்பாதி 'அட்டகாசம்', 'அடாவடி', 'கைவரிசை' வகைதான். ரயிலில் ஒருவரிடம் பணம் பிடுங்கினார்கள் என்றால் எழுதுங்கள், அதை மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பணத்தைப் பறிகொடுத்தவருக்கு நியாயம் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் திருடியவரின் சாதியைத் தலைப்பில் போடுவீர்களா? போட மாட்டீர்கள், போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதே அறிவு எங்கள் விஷயத்தில் ஏன் லீவு போட்டுவிடுகிறது? மூன்று பேர் சேர்ந்து ஒரு செல்போனைப் பறித்திருப்பார்கள், அதில் இரண்டு பேர் ஆண்கள், 'திருநங்கை உட்பட மூவர் கைது' என்று தலைப்பு. அந்த 'உட்பட' செய்கிற வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. மற்ற இருவரும் ஆசாமிகள், அவ்வளவுதான். மூன்றாவது ஆளால்தான் அது செய்தி ஆகிறது, மறுநாள் என் தெருவில் என்னைப் பார்க்கிற பார்வையும் அந்த மூன்றாவது ஆளால்தான் மாறுகிறது.

அப்புறம் இந்த '(எ)', அதாவது 'என்கிற'. ரவுடிகளுக்கும் பழைய குற்றவாளிகளுக்கும் நீங்கள் பழகி வைத்திருக்கிற அடைப்புக்குறி இது. 'கவிதா (எ) குமார்' என்று எங்கள் பெயரையும் அதே அச்சில் வார்க்கிறீர்கள். அவர் கைதானவரா, அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரா, செத்துப்போனவரா என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான் இருந்தது என்பீர்கள். எஃப்.ஐ.ஆரில் அப்பா பெயர், கதவு எண், வயது எல்லாமும்தான் இருக்கிறது, எதைப் போடுவது எதை விடுவது என்று தீர்மானிக்கத்தானே டெஸ்க் என்று ஒன்று இருக்கிறது? பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டு வெளியே வர ஒரு திருநங்கைக்கு எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கிறது தெரியுமா, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், கெசட் என்று வரிசையாக. அத்தனையும் முடித்துப் புதுப்பெயரில் ஐந்தாறு வருடம் வாழ்ந்தவர், ஒரு விபத்தில் இறந்தால் உங்கள் இரண்டு வரிச் செய்தியில் மறுபடி குமார் ஆகிவிடுகிறார். சில சமயம் 'ஆண் சடலம்' என்றே.

படம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், உதவித்தொகை அரசாணையாக இருந்தாலும் சரி, அடிதடியாக இருந்தாலும் சரி, நீங்கள் எடுத்துப் போடுவது நாங்கள் கூடுகிற கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவில் எடுத்த ஒரு கோப்புப் படம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வாய்விட்டுச் சிரிக்கிற முகங்கள். அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? என் தோழி ஒருத்தி, பக்கத்து ஊர்க்காரி, தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள், சித்திரைத் திருவிழாவில் அவளை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு செய்தித் தளத்தில் வழிப்பறிச் செய்தி ஒன்றுக்கு மேலே அந்தப் படம் வந்தது. செய்தியில் இருந்தது வேறு ஊர், வேறு ஆள். மூலையில் 'கோப்புப் படம்' என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள்தான், ஆனால் அவளுடைய வீட்டு ஓனருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய புண்ணியவான் ஸ்கிரீன்ஷாட்டை முகத்தோடு வெட்டி அனுப்பியிருந்தார், மூலை அதில் இல்லை. ஓனர் அம்மா சத்தம் போடவில்லை. 'நீ நல்ல பொண்ணுதான்மா, எனக்குத் தெரியும், ஆனா மாடியில இருக்கறவங்க கேக்கறாங்க' என்று மட்டும் சொன்னார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் அந்தத் தளத்துக்கு மெயில் அனுப்பினோம், போன் செய்தோம், எடுத்தவர் 'எடிட்டோரியல்ல சொல்றேன்' என்றார். படம் சில நாள் கழித்துக் காணாமல் போனது, மன்னிப்பு என்று ஒரு வரி வரவில்லை. அவளுக்கு அடுத்த வீடு கிடைக்கிற வரை மெஷின் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது, வாடிக்கையாளர்கள் இத்தனை தூரம் வரவில்லை.

சரி, எங்களுக்கு என்ன வார்த்தை போடுவது என்றே தெரியவில்லை, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று ஒரு சாக்கு முன்பெல்லாம் சொல்லலாம். இப்போது அதுவும் இல்லை. 2008-இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோது அதன் பெயர் அரவாணிகள் நல வாரியம். பிறகு திருநங்கை என்ற சொல் அரசு ஆவணங்களில் ஏறி, இன்று டீக்கடை வரை வந்துவிட்டது. வாரியம் வந்த ஏப்ரல் 15-ஐத்தான் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம். நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014-இல் தீர்ப்புச் சொன்னதும் அதே ஏப்ரல் 15-தான். அன்றைக்கு நீங்களும் வாழ்த்துப் போடுகிறீர்கள், கட்டுரை வெளியிடுகிறீர்கள். ஏப்ரல் 16-ஆம் தேதிப் பேப்பரை எடுத்துப் பாருங்கள்.

2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் ஒருவரை ஒருவர் விரும்பிச் சேர்ந்து வாழ நினைத்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார், உளவியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிக் கற்றுக்கொண்டார், அதன் பிறகுதான் ஜூன் 7-ஆம் தேதி விரிவான உத்தரவைப் போட்டார். ஒரு உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அதில் கௌரவக் குறைச்சல் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, ஊடுபால் (இன்டர்செக்ஸ்), பால்புதுமையர் (குயர்) என்று சமூகத்தில் இருப்பவர்களிடம் கேட்டுச் சேர்த்த சொற்கள். எங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீஸ்காரர்களின் நடத்தை விதிகளில்கூட அதே ஆண்டு தனி விதி சேர்த்தார்கள். ஸ்டேஷனில் இருக்கிற ஏட்டையாவுக்கே விதி வந்துவிட்டது, அவர் எழுதுவதைப் பார்த்துச் செய்தி எழுதுகிற உங்களுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து டெஸ்க் சுவரில் ஒட்ட ஒரு செல்லோடேப் போதும்.

திருநம்பிகள் பாடு இன்னும் மோசம். பெண் என்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. அவரைப் பற்றிய செய்திக்கும் 'திருநங்கை' என்றே தலைப்பு வைக்கிறீர்கள், உள்ளே 'ஆணாக மாறிய இளம்பெண்', அவருடைய காதலி வீட்டுப் புகார் என்றால் 'ஆண் வேடமிட்டு ஏமாற்றினார்' என்று வேறு. வேடம் என்ற சொல்லைத் தெருக்கூத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணச் செய்தியும் அப்படியே. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்து திருமணச் சட்டத்தில் இருக்கிற மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய மறுக்க முடியாது என்று. தூத்துக்குடித் தம்பதி ஒன்று அதற்காகக் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. அதன் பிறகும் 'திருநங்கையைக் கரம்பிடித்த வாலிபர்', கூடவே ஒரு ஆச்சரியக்குறி. பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கும், வேலை இருக்கும், ஊர் இருக்கும், அதெல்லாம் மூன்றாவது பத்தியில் வந்தால் பெரிது.

பாராட்டுச் செய்திகளிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரை போராடி எஸ்.ஐ. ஆனதையும், 2018-இல் சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்ததையும் நீங்கள் கொண்டாடியபோது நானும்தான் பேப்பரை வெட்டி வைத்துக்கொண்டேன். ஆனால் எதற்கெடுத்தாலும் 'முதல் திருநங்கை' என்றால், இரண்டாவது, பத்தாவது ஆள் செய்தியே இல்லாமல் போகிறார். நர்த்தகி நடராஜ் தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர், 2019-இல் பத்மஸ்ரீ வாங்கியவர், மாநிலத்தின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். அவரைப் பேட்டி எடுக்கும்போது நாட்டியத்தைப் பற்றி முதல் கேள்வி கேளுங்களேன், சின்ன வயதில் வீட்டில் அடித்தார்களா என்பதை ஏழாவதாகக் கேட்டுக்கொள்ளலாம், அவருக்குச் சொல்ல விருப்பம் இருந்தால்.

யூடியூப் சேனல்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஆபரேஷன் பண்ணிட்டீங்களா' என்று மைக்கை நீட்டுகிறீர்களே, பக்கத்தில் நிற்கிற எந்தப் பெண்ணிடமாவது அவள் உடம்பைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் ஊர் திரும்ப முடியுமா? அந்த அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக நடக்கிறது, அதில் மர்மம் ஒன்றும் இல்லை. கூவாகத்தில் தேர் கிளம்பிய பிறகு தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி அழுகிறோம். கணவனாக நினைத்துத் தாலி கட்டிக்கொண்ட அரவானுக்காக மட்டும் அழுகிறோம் என்றா நினைக்கிறீர்கள்? அந்த வருடம் செத்துப்போன ஜமாத் (எங்கள் திருநங்கைக் குடும்பம்) ஆட்கள், திரும்பிப் பார்க்காத அம்மா அப்பா என்று எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். அந்த நேரத்தில் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு 'அக்கா, இந்தப் பக்கம் பாருங்க' என்பவரை என்ன சொல்வது?

ஊர் இவ்வளவு மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-இல் வந்தது, அடுத்த மாதமே எங்களுக்கும் நீட்டித்தார்கள். நான் தினமும் ஏறுகிற பஸ்ஸின் கண்டக்டர் நடுவயசுக்காரர், முதல் நாள் ஒரு நொடி தயங்கினார், பிறகு 'எங்கம்மா இறங்கணும்' என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவரை யாரும் பயிற்சி முகாமுக்கு அனுப்பியதில்லை. பின்னால் நின்ற காலேஜ் பையன்கள் 'ஒம்போது' என்று முனகியதும், 'யாருப்பா அது, இறங்குறியா' என்று அவர்தான் கேட்டார். அந்தப் பையன்கள் அந்த வார்த்தையை வீட்டிலா கற்றுக்கொண்டார்கள்? ஆம்பளை ஒருத்தருக்குச் சேலை கட்டிவிட்டு, கையைத் தட்டவிட்டு, நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற காமெடி நிகழ்ச்சிகளை ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு பார்த்துத்தான் வளர்ந்திருப்பார்கள். சினிமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

சொற்பட்டியலைத் தேடக்கூட நேரமில்லாத ராத்திரிகள் உங்களுக்கு உண்டு என்று தெரியும். அப்போதைக்கு 'அவர்' என்று எழுதினால் போதும், தமிழில் அதற்கு மேல் சிரமமே இல்லை, இங்கிலீஷ்காரர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். செய்தியில் அந்த ஆளின் பாலினத்துக்கு வேலை இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். பழைய பெயரைப் போடாதீர்கள். அடுத்த சித்திரைக்குக் கூவாகத்துக்கு ஆள் அனுப்பும்போது, கேட்டுவிட்டுப் படம் எடு, வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே இறக்கு என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் பதில் எதிர்பார்க்கிறேன். உங்கள் சர்வரில் 'திருநங்கை' என்று தேடினால் வருகிற அந்தக் கோப்புப் படங்களை இந்த வாரம் யாராவது ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். யாரிடம் அனுமதி வாங்கியது, எந்தச் செய்திக்காக எடுத்தது என்று குறிப்பு இல்லாத படங்களை அழித்துவிடுங்கள். அழித்ததும் அதை உங்கள் பக்கத்தில் ஒரு வரியாகப் போடுங்கள், தோழியின் வீட்டு ஓனருக்கு நான் அனுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து உங்கள் வாசகி ஒருத்தி