நகலெடுத்தவர் தச்சர்தானாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள ஷ்ரோடர் வீட்டைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையில். இரண்டாம் முறை, சரியாகத்தான் படித்தேனா என்ற சந்தேகத்தில். அந்த வீட்டையும் அங்குள்ள சிவப்பு நீல நாற்காலியையும் வடிவமைத்தவர் ரீட்ஃபெல்ட். அந்த நாற்காலி, ஓவியர் 'மோந்திரியானின் ஓவியத்தை ரீட்ஃபெல்ட் மரத்தில் நகலெடுத்தது' என்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

தாங்கள் அறியாததல்ல. 1918-ஐ ஒட்டி அந்த நாற்காலி முதலில் உருவானபோது அதில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, வெறும் மரம். வண்ணம் ஏறியது 1923 வாக்கில். கறுப்புக் கோடுகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மோந்திரியான் தீட்டத் தொடங்கியதே 1920-ஐ ஒட்டித்தான். பிறகு எதைப் பார்த்து எதை நகலெடுத்தாராம்? ரீட்ஃபெல்ட் தச்சரின் மகன். சிறு வயதிலேயே அப்பாவின் பட்டறையில் இழைப்புளி பிடித்தவர். தச்சன் தானாக ஒன்றை யோசித்தான் என்று எழுதக் கை வரவில்லை போலும்.

முப்பத்தொரு வருடம் தச்சு வேலை கற்றுக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்றதும் அந்த நாற்காலியை அளவுப் படம் பார்த்து நானே செய்தேன். அதில் ஒரு சட்டம் இன்னொன்றில் போய் முடிவதில்லை. பக்கத்தில் ஒட்டி நின்று, தாண்டிப் போகிறது. முனையைச் செதுக்கித் துளையில் செருகும் கழுந்து கிடையாது, உள்ளே மறைந்திருக்கும் மரமுளைதான் பிடிப்பு. மூன்று சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் முளைகள் ஒன்றையொன்று இடிக்காமல் துளை போடுவதற்குள் நான்கு சட்டங்களை வீணாக்கினேன். இதைத்தான் 'குழந்தை அடுக்கிய குச்சிகள்' என்று உங்கள் கட்டுரையாளர் ரசித்திருக்கிறார். ஒரு வாரம் என் வீட்டுக்கு வரட்டும். மரமும் உளியும் நான் தருகிறேன், சாப்பாடும் உண்டு. 'உட்கார முடியாது' என்பதும் கேள்விப்பட்டதுதான். மாலையில் நான் அதில் சாய்ந்துதான் பத்திரிகை படிக்கிறேன், தங்களுடையது உட்பட. எழுந்திருப்பது சிரமம், அது முழங்காலின் குற்றம்.

அந்த வீட்டுக்கார அம்மாளையாவது விட்டிருக்கலாம். 'வசதி படைத்த வாடிக்கையாளர்' என்ற ஒரே வரியில் த்ரூஸ் ஷ்ரோடர் முடிந்துவிட்டார்! கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்றவர், 1924-இல் எழுந்த அந்த வீட்டை ரீட்ஃபெல்டோடு உட்கார்ந்து திட்டமிட்டவர். மாடியில் நிலைச்சுவர் வேண்டாமென்று கேட்டவரே அவர்தான். தள்ளு தடுப்புகளை நகர்த்திப் பகலில் ஒரே கூடமாகவும் இரவில் அறைகளாகவும் ஆக்கிக்கொண்டு, 1985-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வட்ட அடித்தட்டும் சதுர மேல்தட்டுமாக அவர் வீட்டுக்கென்றே பிறந்த சிறு மேசையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. நாற்காலியின் ஏல விலைக்கு மட்டும் தனிப் பெட்டிச் செய்தி.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய வீட்டுக் கதவைப் பற்றி எழுதினீர்கள். வீட்டுக்காரர் பெயர் இருந்தது, படம் எடுத்தவர் பெயர் இருந்தது, கதவைச் செய்தவரைக் காணோம். அப்போதும் கடிதம் போட்டேன். 'கட்டுரை அருமை' என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

இப்போது கேட்பது சிறியதுதான். நாற்காலிப் படத்தின் கீழ் 'நீல முதுகு, சிவப்பு இருக்கை' என்று போட்டிருக்கிறீர்கள். முதுகு சிவப்பு, இருக்கை நீலம். படமே அதைச் சொல்கிறது. அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால், தச்சரின் மகன் என்ற வரியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
இருபது வருடச் சந்தாதாரர்