பெரியப்பாவின் காயில் நோட்டு

டர்பன், தென் ஆப்பிரிக்கா,
ஜூலை 20.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும், அத்தை, செல்வி, மாப்பிள்ளை, குழந்தைகள் எல்லோரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சித்திரையில் நீங்கள் எழுதிய கடிதம் வைகாசிக் கடைசியில் கைக்கு வந்தது. அதற்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். வேலை மிகுதி என்று எழுதினால் பொய்யாகிவிடும். எழுத உட்காரும்போதெல்லாம் நல்ல செய்தியாக இன்னும் ஒன்று சேரட்டும் என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். போனில் பேசினால் போதாதா என்று செல்வி கேட்கிறாள். நான் சொல்வது உங்கள் காதில் விழாமல், அவள் அதை உரக்கத் திருப்பிச் சொல்லும்போது பாதிச் செய்தி அவளுடையதாகிவிடுகிறது. சென்ற மாதம் எனக்கு இருமல் என்று சொன்னதை நீங்கள் இரும்பு வாங்கினேன் என்று புரிந்துகொண்டு, எதற்கு, எவ்வளவு என்று விசாரித்தீர்களாம். அதனால் உங்களுக்குக் கடிதமே சரி.

கம்பெனியில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வரச் சொல்கிறார்கள். ஆள்களுக்கு ஓய்வு கொடுப்பதில் இந்த ஊரில் தாராளம். எனவே மற்ற நாள்களில் கராஜில் பழைய மின்விசிறிகளைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். செல்வியிடம் யாரோ காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "வெளிநாடு போய்ப் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறானா?" என்று நீங்கள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கடை இல்லை அப்பா, பொழுதுபோக்குதான். யாராவது கையில் ஏதாவது கொடுத்தால் வேண்டாமென்று சொல்வதில்லை.

கராஜ், நான் குடியிருக்கும் வீட்டுத் தாத்தாவுடையது. அதன் பின்னால்தான் என் அறை. நான் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக்கு வீடு கராஜ் உண்டு, ஆனால் காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கல்யாணப் பாத்திரங்களைப் போட்டு வைத்திருப்பார்கள். தாத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணீர் வரப் பாடுவார். பொருள் கேட்டால் தெரியாது. தமிழில் அவருக்கு வருவது வா, போ, தண்ணி, சோறு, தம்பி, அப்புறம் இங்கே எழுதக் கூடாத இரண்டு வசவுகள். முன்னோர் 1860-க்குப் பிறகு சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் "மெட்ராஸ்" என்பதோடு சரி. சனிக்கிழமை மாலை நான்கு பேர் சேர்ந்து 'துனி' என்று ஒரு சீட்டாட்டம் ஆடுகிறார்கள். ஜாக்கிதான் உயர்ந்த சீட்டு, அடுத்தது ஒன்பது. நம் திண்ணையில் ஆடும் இருபத்தெட்டுக்கு உடன்பிறப்பு. நான் இரண்டாம் வாரமே ஜெயித்துவிட்டதால், தமக்குத் தெரியாத ஏதோ வித்தையோடு ஊரிலிருந்து வந்திருப்பவன் என்று தாத்தா என்னை நினைக்கிறார்.

அவர்தான் ஒரு நாள் மேசை விசிறி ஒன்றைப் போர்வையில் சுற்றித் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தார். இங்கிலாந்து ஜி.இ.சி. கம்பெனியுடையது, 16 அங்குலம், வார்ப்பிரும்பு அடிப்பாகம், நான்கு பித்தளை இறக்கை. பத்து கிலோவுக்குக் குறையாது. அவருடைய அப்பா வாங்கியதாம். 1950-ஆம் ஆண்டு வந்த நிறவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் கேட்டோ மேனரில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தபோது, லாரியில் இதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது தாம்தான் என்றார். இறக்கையெல்லாம் கறுத்து, உடம்பு முழுக்க யாரோ கதவுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் பூசியிருந்தார்கள். துணி சுற்றிய பழைய வயரை மடக்கினேன். உள்ளே இருந்த ரப்பர் முறுக்கு உடைவதுபோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

இங்கே மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ப்ளக்கைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: நம் வீட்டுக் கிரைண்டருக்கு இருக்கிறதே அந்தப் பெரிய மூன்று முள் ப்ளக், அதுதான் இங்கே செல்போன் சார்ஜருக்குக்கூட. புது மூன்று இழை வயர் போட்டு, எர்த்தை அடிப்பாகத்து இரும்பில் திருகினேன். சுவிட்சைப் போட்ட கணத்தில் வீடு முழுவதும் இருண்டது. இங்கே வீட்டுக்கு வீடு எர்த் லீக்கேஜ் சுவிட்ச் உண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். உள்ளே அந்த வீட்டு ஆன்ட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எனக்குப் புரியாத பாஷையில் இருந்தது நல்லதாயிற்று. தாத்தா மட்டும் அசரவில்லை. "கை வைத்தால் சுள்ளென்று இருக்கும், அது அந்த ஃபேனின் குணம்" என்றார். இரண்டு இழை வயரில் எர்த்தே இல்லாமல் அத்தனை வருஷம் கசிவோடு ஓடியிருக்கிறது. அந்தச் 'சுள்'ளைத் தம் அப்பாவின் கோபத்தோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார் மனிதர்.

அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் காயிலில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். பழைய காயிலுக்குப் பூசியிருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பெரியப்பா கடையில் ஏழாவது படிக்கும்போதே தெரிந்துகொண்ட விஷயம் இது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டிய பிறகும் உறைக்கவில்லை. போதாக்குறைக்கு, கரண்டைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு பல்பு (சீரிஸ் லாம்ப்) வைக்காமல் நேராகக் கரண்ட் கொடுத்தேன். ஊதுபத்திப் புகை போல மெல்லிய கோடு ஒன்று எழுந்தது, அவ்வளவுதான். "பல்பு எரிந்தால் ஒரு ரூபாய், காயில் எரிந்தால் ஒரு நாள்" என்று பெரியப்பா சொல்வது அந்தப் புகையோடு சேர்ந்து வந்தது. தாத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை வழக்கமாக ஆன்ட்டி கொடுத்தனுப்பும் பீன்ஸ் குழம்பு வரவில்லை.

ஆகவே காயில் கட்டியே தீர வேண்டியதாயிற்று. நான்கு முனை மோட்டார், ஒவ்வொரு முனையின் ஓரத்திலும் செப்பு வளையம், கண்டென்சர் கிடையாது. எளிமையான வேலைதான், பொறுமைதான் வேண்டும். கருகாமல் மிஞ்சிய ஒரு காயிலை வெட்டிச் சுற்றுகளை எண்ணினேன்: 420. கம்பியின் எனாமலைச் சுட்டுத் துடைத்த பிறகுதான் கேஜ், அதாவது அதன் தடிமன், பார்க்க வேண்டும் என்பதை இந்த முறை மறக்கவில்லை. மரக்கட்டையில் அச்சு செய்துகொண்டு, சுற்று எண்ணும் மிஷின் இல்லாததால் வாய்விட்டு எண்ணிக்கொண்டே கையால் சுற்ற ஆரம்பித்தேன்.

இரவு எட்டு மணி இருக்கும். கராஜ் வாசலில் தாத்தா நின்றிருந்தார். நான் நூறைத் தாண்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மறுபடி தொடங்கியபோது அவரும் சேர்ந்து சொன்னார். பத்து வரைக்கும் வந்தது. அவருடைய ஆயா சொல்லிக் கொடுத்ததாம்; பத்துக்கு மேல் சொல்லிக் கொடுப்பதற்குள் ஆயா போய்விட்டார். எனவே பத்துப் பத்தாகவே எண்ணினோம். ஒவ்வொரு பத்துக்கும் அவர் ஒரு பீன்ஸ் விதையை டப்பாவில் போடுவார். 42 விதை சேர்ந்தால் ஒரு காயில். நடுவில் எனக்குத் தும்மல் வந்து எண்ணிக்கை தவறியபோது அவர் தவறவில்லை. நான்கு காயிலும் முடிய மூன்று இரவு பிடித்தது. காப்புக்கு லெதராய்டு பேப்பர் வைத்து, வார்னிஷ் முக்கி, தகர டின்னுக்குள் குண்டு பல்பு எரிய விட்டு இரண்டு நாள் உலர்த்தினேன். குழம்பு மறுபடி வரத் தொடங்கியது.

மற்ற வேலைகள் விரைவில் முடிந்தன. தலையைத் திருப்பும் கியர்ப் பெட்டியில் கிரீஸ் மெழுகாய் இறுகியிருந்தது, சுரண்டிப் புதிதாக வைத்தேன். அச்சு சுழலும் புஷ்ஷுக்கு எண்ணெய் கொடுக்கும் கம்பளித் திரியை மாற்றினேன். பச்சைப் பெயின்ட்டை ஈரம் வைத்தே தேய்த்தேன்; அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், தாத்தாவின் கொள்ளுப்பேத்தி கராஜுக்குள் ஓடி வருகிறாள். இறக்கைகளை மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் கொடுக்கலாம் என்றார்கள். சக்கரம் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்த்தால் எடை மாறி, ஓடும்போது மேசையே நடக்கும். நான் அம்மா குத்துவிளக்கு துலக்குகிற வழியில் புளி போட்டு ஒரு மத்தியானம் முழுதும் தேய்த்தேன். ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, தம் பாட்டியும் இப்படித்தான் செய்வார் என்றார். பித்தளை வெளுத்து வரும்போது ஒரு புளிப்பு வாடை வருமே, கார்த்திகைக்கு முந்தின நாள் கிணற்றடியில் வரும் வாடை, அது வந்தது. கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

இப்போது கசிவு பார்க்கும் மெக்கர் மீட்டர் நல்ல அளவு காட்டுகிறது, எர்த் லீக்கேஜ் விழுவதில்லை. ஓடும்போது சத்தமே இல்லை, காற்றுதான் வருகிறது. முன்வலையில் என் கைமுட்டி நுழையும் இடைவெளி இருப்பதால், குழந்தைக்கு எட்டாமல் அலமாரி மேல்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தாத்தா தொட்டுப் பார்த்துவிட்டு, சுள்ளென்று இல்லையே என்று குறைப்பட்டார்.

இது குளிர்காலம். பகலில் வெயில் இருக்கிறது, இரவில் பத்து பன்னிரண்டு டிகிரிக்கு இறங்குகிறது. ஆடியில் காவிரிக் காற்று அடிக்க வேண்டிய உடம்புக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், அம்மா கவலைப்பட வேண்டாம். அம்மன் கோயில்களில் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னாலும் அது நம் ஆடிக் கூழ்தான். கீரைக்கு இங்கே ஹெர்ப்ஸ் என்று பெயர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்: இந்தக் குளிரிலும் ஒரு மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓட விட்டுத்தான் தூங்குகிறேன். சத்தம் இல்லாத அறையில் தூக்கம் வருவதில்லை. கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருக்க, நம் தாத்தா வாங்கிப் போட்ட ஃபேன் மேலே 'டக்... டக்...' என்று சொல்லுமே, பாதி இரவில் விழித்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கிறேன். இதுவோ பாழாய்ப் போக நன்றாக ஓடுகிறது.

அந்த ஃபேனைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் கரண்ட் குறைவாக இழுக்கும் புது பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கணக்குப்படி அவர் சொல்வது சரி. பழையது 75 வாட், புதியது 28 வாட். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 34 யூனிட் மிச்சம். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதியதை மாட்டுங்கள். பழையதை மட்டும் எடைக்குப் போட வேண்டாம். இறக்கைகளைக் கழற்றும்போது எது எந்த இடம் என்று குறித்து, மோட்டாரைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். மெதுவாகச் சுற்றுகிறது என்று அம்மா சொன்னது கண்டென்சர் போனதால் இருக்கும், 2.5 மைக்ரோ ஃபாரட், கடையில் கிடைக்கும். மேலே கொக்கியில் இருக்கும் ஊசிப் பின்னை நீங்களே ஏணி ஏறிப் பார்க்க வேண்டாம்.

இனி பெரியப்பா கடை விஷயம். கட்டடத்தை விற்க அண்ணன் முடிவு செய்துவிட்டார் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் தாத்தா பெயரில் உள்ள சொத்து என்பதால் என் கையெழுத்தும் வேண்டுமென்று வக்கீல் சொல்வது நியாயம்தான். ஆடி கழித்து டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எனவே வந்த தேதிக்குச் சாட்சியாக உறையில் உள்ள தபால் முத்திரையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை கிழித்துக் குப்பையில் போட்டுவிடப் போகிறார். அத்தையின் பங்கை அத்தை பெயரிலேயே வங்கியில் போட வேண்டும் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கண் ஆபரேஷனுக்கு அது உதவும்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். இந்த நாட்டு நாணயமான ரேண்டின் விலை இறங்கியிருப்பதால் அப்படி. ஆவணியில் சரியாகிவிடும்.

கடையைக் காலி செய்யும்போது கையால் சுற்றும் காயில் மிஷினை அண்ணன் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். நீல அட்டை போட்ட பெரியப்பாவின் காயில் நோட்டு மட்டும் எனக்கு வேண்டும். ஓரியண்ட், உஷா, கிராம்ப்டன், ஜி.இ.சி., ராலி என்று கைக்கு வந்த ஒவ்வொரு ஃபேனுக்கும் எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று நாற்பது வருஷமாக எழுதி வைத்தது. மேசை டிராயரில் இருக்கும், கரையான் பிடிக்கும் முன்பு எடுக்க வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். செல்வி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

கடைசிப் பக்கங்களில் கடன் கணக்கு இருக்கும். அதில் என் பெயரும் இருக்கும், 40,000 ரூபாய், விமான டிக்கெட்டுக்காக வாங்கியது, உங்களிடம் சொல்லவில்லை. அண்ணன் இதுவரை கேட்டதில்லை, அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி, கடைப் பணத்தில் என் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமரன்